மூத்தாள் படம்

படங்களைத் தேதிவாரியாகப் பரப்பிய பிறகுதான் ஸ்யாமளாவுக்கு அது கண்ணில் பட்டது. அதுவரை ஆள்வாரியாகப் பிரித்து வைத்திருந்தாள். பிறந்தகத்தார் ஒரு குவியல், புக்ககத்தார் ஒரு குவியல், தேர்த் திருவிழா ஒரு குவியல். அப்படிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் தம்பி சுப்பராமன் ஓர் ஆல்பம் அனுப்பியிருந்தான். தடித்த கறுப்புத் தாள், பட்டுக் கயிறு கட்டிய அட்டை. கூடவே படத்தின் மூலைகளைச் செருக ஒரு டப்பா நிறையக் காகித முக்கோணங்கள், ஒரு வெள்ளைப் பென்சில், ஒரு கடிதம். எடுத்த எடுப்பில் ஒட்ட ஆரம்பிக்காதே அக்கா, எல்லாவற்றையும் தரையில் தேதிவாரியாகப் பரப்பிவிட்டு ஒரு நாள் முழுக்கச் சும்மா பார், ஒரு பக்கத்துக்கு மூன்று படத்துக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, எப்போது என்று எழுது என்று எழுதியிருந்தான். தேதி தெரிவதில் சிரமம் இல்லை. அவள் கணவன் சீதாராமன் பெட்டி காமிரா வைத்திருந்தான். எடுத்த ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தமிழ் வருஷம், மாதம், தேதி எல்லாவற்றையும் மைப் பென்சிலால் குறித்துவைப்பான். பள்ளிக்கூடங்களைப் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் உத்தியோகம். எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டான்.

மொத்தம் அறுபத்திரண்டு படம். கூடத்தின் செம்மண் நிறத் தரையில் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். வியாழக்கிழமை, மாசி மாதம், மத்தியானம் இரண்டு மணி. வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்து வெயிலில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. காற்றில் படம் பறக்காமல் இருக்க ஜன்னல்களைச் சாத்தியிருந்தாள். சாத்திய அறைக்குள் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் வாடையும், கீழ மாசி வீதி மண்டிகளிலிருந்து எப்போதும் வந்துகொண்டிருக்கும் மிளகாய் நெடியும், எங்கோ நனைந்து காயும் சாயநூலின் புளிப்பும் ஒன்றாகக் கலந்து கனத்துக் கிடந்தன. ஓட்டின் மேல் புறாக்கள் நடந்தன. கடிகாரம் ஒன்றுதான் வீட்டுக்குள் வேலை செய்துகொண்டிருந்தது.

போன வருஷப் பொங்கலுக்கு எடுத்த படம் வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது.

அதற்கு அடுத்தது மாசியில் எடுத்தது. அதில் அவள் முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது. சித்திரைத் திருவிழாவன்று மாடியில் எடுத்ததில் கண்களின் கறுப்பு கரைந்திருந்தது. ஆடியில் மூக்கு தெரியவில்லை. நவராத்திரி கொலுவுக்கு முன்னால், கீழ்வீட்டு ஜானுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டது. ஜானுவின் தோட்டுக் கல் ஒவ்வொன்றையும் எண்ணலாம், பக்கத்தில் ஸ்யாமளாவின் புடவை இருந்தது, புடவைக்கு மேலே துவைத்து வெளுத்த துணிபோல் ஏதோ இருந்தது. இந்த வருஷப் பொங்கலன்று சீதாராமனும் அவளும் வாசலில் நின்ற படத்தைக் குனிந்து பார்த்தாள். சீதாராமன் கடிகாரச் சங்கிலி வரைக்கும் துலக்கமாக இருந்தான். அவளுடைய கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் பின்சுவரின் விரிசல் தெரிந்தது.

ஒவ்வொரு படமும் வந்த அன்று அதை அவள் பார்த்திருக்கிறாள். தனியாகப் பார்க்கும்போது அது வெளிச்சத்தின் கோளாறாகத்தான் தெரிந்தது. சீதாராமனும் அப்படித்தான் சொன்னான். கழுவுகிற மருந்து சரியாகப் போகாவிட்டால் படம் மங்கும் என்றான். அவளும் ஒப்புக்கொண்டாள். இப்போது வரிசையாகப் பார்த்தால், மருந்து அவளை மட்டும்தான் தேடித் தேடித் தின்றிருந்தது.

எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தாள். முகம் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். வியர்வையும் சூடுமாக, இருபத்தொன்பது வயசுக்கு உரிய முகம். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் கீழே யாரோ கதவைத் தட்டினார்கள்.

சட்டம் போடுகிற பால்பாண்டி. புதுமண்டபத்துக்குப் பக்கத்தில் கடை. இரண்டு வருஷத்துக்கு முன், சீதாராமன் சட்டம் போடக் கொடுத்த சாமி படங்களை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்து ஜானுவிடம் கொடுத்துவிட்டுப் போனவன். ஸ்யாமளாவை அவன் பார்த்தது இல்லை. அன்றைக்கு ஜானு வெளியே போயிருந்தாள். செய்தித்தாளில் சுற்றிய ஒரு படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சார் நாளைக்குள்ள வேணும்னாக. அவுகளே வந்து வாங்கிக்கிர்றேன்னுதேன் சொன்னாக. நா இந்தப் பக்கந்தேன் வாரேன், அப்பிடியே குடுத்துட்டுப் போவம்னு வந்தேன்."

தாளைப் பிரித்துக் கண்ணாடியைத் துண்டால் துடைத்தான். துடைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். முகம் மரியாதையாக மாறியது.

"உங்க அக்காளாம்மா? அப்பிடியே உங்க சாடை. இம்புட்டுச் சின்ன வயசுல போயிட்டாகளே."

அவள் எட்டிப் பார்த்தாள். படம் அவன் பக்கம் திரும்பியிருந்தது.

"அக்கா வாழ்ந்த வீட்டுல தங்கச்சியே வந்து வெளக்கேத்துறது நல்லதுதேன்," என்றான் பால்பாண்டி. ஆறுதல் சொல்கிறோம் என்கிற நினைப்பு. "வேத்து ஆளு வந்திருந்தா மூத்தாள் படத்துக்கு இம்புட்டுப் பாப்பாகளா? கண்ணாடி விரிஞ்சதுக்கே சார் அம்புட்டு வெசனப்பட்டாக. வீட்டுல சீமந்தம் வருதுன்னு..."

பேச்சோடு பேச்சாக அவன் பார்வை அவள் இடுப்புக்கு இறங்கியது. ஒட்டிய வயிறு. அவன் நிறுத்திக்கொண்டான். என்ன தப்பு, எங்கே தப்பு என்று அவனுக்குத் தெரியவில்லை; ஏதோ தப்பு என்பது மட்டும் தெரிந்தது. படத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் சந்து முனையைத் தாண்டிப் போனான்.

மாடிக்கு வந்து படத்தைத் திருப்பினாள்.

அவள்தான். பெரிதாக்கி, பழுப்பு மை ஏற்றிய படம். மூக்குத்தியின் ஒற்றைக் கல்கூடத் தெரிந்தது. பளபளவென்று, இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள்போல் முகம். தரையில் கிடந்த படங்களில் ஓராண்டாகக் கரைந்துகொண்டிருந்த முகம் முழுக்க இங்கே வந்து சேர்ந்திருந்தது. பழைய கண்ணாடியின் விரிசல் வழியே சந்தனம் இறங்கி அவள் நெற்றியில் வட்டமாக மஞ்சள் கறை பிடித்திருந்தது. சட்டத்தின் மேல் இரண்டு மூலையிலும் மாலை கட்டிய நூல் இன்னும் அவிழாமல் இருந்தது. கீழே பெயிண்டர் எழுத்து: சௌ. ஸ்யாமளா. சிவலோகப் பிராப்தி, யுவ வருஷம் ஆவணி மாதம் 22ஆம் தேதி.

அட்டைக்கும் ஆணிக்கும் நடுவில் ஒரு சீட்டு. சீதாராமனின் சாய்ந்த எழுத்து. கண்ணாடி மட்டும் மாற்றவும், எழுத்து அழியக் கூடாது, வெள்ளிக்கிழமை சுமங்கலிப் பிரார்த்தனைக்கு அவசியம் வேண்டும். கீழே விலாசம்: சோழவந்தான் அக்ரஹாரம், பிச்சுமணி அய்யர் வீடு.

அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து, யுவ ஆவணியில் எடுத்த படத்தைத் தேடினாள். தேடச் சிரமம் இல்லை, எல்லாம் தேதிவாரியாகத்தானே இருந்தன. வண்டியூர்த் தெப்பக்குளத்தின் படியில் அவள் நின்றிருந்தாள். தலை கொள்ளாமல் மல்லிகை. எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். திருப்பினாள். ஆவணி 22. அன்றைக்கு அவன்தான் பூ வாங்கிக் கொடுத்தான். இன்னொரு தரம் சிரி, நகராமல் இரு என்று சொல்லிக் குனிந்து காமிராவுக்குள் பார்த்தான். குனிந்தவன் மனசுக்குள் அவளைக் கொன்றுகொண்டிருந்தான்.

சோழவந்தானில் அவனுக்கு மாதத்தில் பத்து நாள் காம்ப். இப்போதும் அங்கேதான் போயிருந்தான். பன்னிரண்டு வருஷமாகக் குழந்தை இல்லை. ஒருத்தி இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. அவளே சம்மதம் கொடுத்திருப்பாள், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு. பெண் கொடுக்கிறவர்தான் யோசிப்பார். மூத்தாள் இருக்கும் வீட்டுக்கா என்பார். அதை அவன் ஒரே பொய்யில் சரிக்கட்டிவிட்டான்.

ஆனால் பொய் அதோடு நிற்கவில்லை. சுமங்கலிப் பிரார்த்தனை உயிரோடு இருக்கிறவளுக்குச் செய்வதில்லை. மஞ்சள் குங்குமத்தோடு செத்துப்போன பெண்ணை, வீட்டில் நல்ல காரியம் நடப்பதற்கு முன் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மணை போட்டுப் புதுப்புடவை வைத்து, இலை போட்டுப் பரிமாறுவார்கள். அவள் வந்து திருப்திப்பட்டுப் போக வேண்டும் என்பது கணக்கு. சீமந்தத்துக்கு நாளை செய்கிறார்கள் என்றால் கல்யாணத்துக்கு முன்னாலும் செய்திருப்பார்கள். போன வருஷம். தையில்.

தையில் ஒரு வெள்ளிக்கிழமை. அரிசி களைந்துகொண்டிருந்தாள். தெருவில் ஒரு பெண்குரல், பழக்கமில்லாத குரல், "ஸ்யாமளா, வாடியம்மா" என்று கூப்பிட்டது. இதோ வரேன் என்று சொல்லிவிட்டு ஈரக் கையோடு இறங்கி ஓடினாள். சந்தில் யாரும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது. ஜானுவிடம் கேட்டாள். யாரும் கூப்பிடலையேடி என்றாள் ஜானு.

அதற்கு அடுத்த மாதத்திலிருந்துதான் படங்கள் மங்க ஆரம்பித்தன.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நவராத்திரியில் ஜானு எல்லாருக்கும் குங்குமம் கொடுத்துக்கொண்டு வந்தாள். தட்டு ஸ்யாமளாவைத் தாண்டி அடுத்தவளிடம் போயிற்று. அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு, "உக்காந்திருந்தியாடி? நான் பாக்கவே இல்லையே," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஸ்யாமளாவும் சிரித்தாள்.

ஆல்பத்தை மூடினாள். ஒரு படம்கூட ஒட்டவில்லை. கத்த வேண்டும், மண்ணை வாரித் தூற்ற வேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை. ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அந்த வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில், எல்லாரும் பார்க்க நின்று, நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பிறகு அவன் எவளோடு வேண்டுமானாலும் இருக்கட்டும். அவள் பேரைச் செத்தவர்களின் வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதுவும் நாளை அவர்கள் இன்னொரு தரம் கூப்பிடுவதற்குள்.

காலையில் ரயிலடியில் சீட்டு வாங்கப் போனாள். ஜன்னலுக்குள் இருந்தவர் அவளுக்கு முன்னால் நின்றவருக்குக் கொடுத்தார், பின்னால் நின்றவருக்குக் கொடுத்தார். அவள் நாணயத்தால் பலகையைத் தட்டினாள். மூன்றாவது தட்டில் திடுக்கிட்டு நிமிர்ந்தார். எங்கே என்று கேட்டார். சொன்னாள். சீட்டைக் கொடுக்கும்போது அவள் கைக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார்.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் செய்தித்தாள் சுற்றிய படம். வெற்றிலைக் கூடைகளைக் காலி செய்துவிட்டு ஊருக்குத் திரும்பும் பெண்கள் ஏறினார்கள். ஈரச் சாக்கின் வாடை, புகையிலை வாடை. முத்துத்தாய் என்று மற்றவர்கள் கூப்பிட்ட கனத்த பெண் ஒருத்தி வந்து, முந்தானையால் பலகையைத் தட்டிவிட்டு, நேராக ஸ்யாமளாவின் மடிமேலேயே உட்காரப் போனாள். படத்தின் விளிம்பு குத்தியதும் துள்ளி எழுந்தாள்.

"ஆத்தாடி, இங்கிட்டு ஆளு இருக்கா? எடம் காலியாக் கெடக்குன்னுல்ல பாத்தேன்."

"இருக்கேன்," என்றாள் ஸ்யாமளா. குரல் பலமாகவே வந்தது.

முத்துத்தாய் தள்ளி உட்கார்ந்தாள். சற்று நேரம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். சமயநல்லூர் தாண்டியதும் கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப் பலகைக்குப் போய்விட்டாள். குளிருதுடி என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். மாசி வெயில் பெட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

சோழவந்தானில் இறங்கி நடந்தாள். பாதையின் இரண்டு பக்கமும் கொடிக்கால். அகத்தி மரங்களைச் சுற்றி ஏறிய வெற்றிலைக் கொடிகள் வெயிலை உள்ளே விடாமல் பச்சை இருட்டாக நின்றன. உள்ளே தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது, ஆள் தெரியவில்லை. வைகைப் பக்கமிருந்து காற்று வந்தது. நடக்க நடக்கக் கால் இலேசாகிக்கொண்டே போனது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அக்ரஹாரத்துக்குள் நுழைந்ததும் வீட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. நாலாவது வீட்டு வாசலில் பெரிய இழைக்கோலம். செம்மண் பூசி, மாவிலை கட்டியிருந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. வாசற்படியில் ஒன்பது கஜப் புடவை கட்டிய ஒரு மாமி, பிச்சுமணி அய்யரின் சம்சாரம், கையில் தீர்த்தப் பாத்திரத்தோடு தெருவைப் பார்த்து நின்றாள். தெருவைப் பார்த்துத்தான் கூப்பிட்டாள்.

"ஸ்யாமளா, வாடியம்மா."

தையில் கேட்ட குரல்.

ஸ்யாமளாவின் கால் நின்றது. பதில் சொல்லக் கூடாது. வாயை இறுக்கிக்கொண்டாள். பதில் சொல்லாமல்தான் கோலத்தைத் தாண்டிப் படியருகே போய் நின்றாள். மாமியின் கண் முதலில் அவளைத் தாண்டித் தெருவில் இருந்தது. அப்புறம் மெதுவாக அவள் முகத்துக்கு வந்தது. தீர்த்தப் பாத்திரம் ஆடியது.

செய்தித்தாள் வழியிலேயே கிழிந்து போயிருந்தது. படத்தின் முகமும் அதைப் பிடித்திருந்தவள் முகமும் மேலும் கீழுமாக இருந்தன.

"நான்தான் ஸ்யாமளா," என்றாள். "உயிரோடதான் இருக்கேன். பொய் சொல்லியிருக்கார்."

மாமி உள்பக்கம் திரும்பி, குரல் எழும்பாமல், மாப்பிள்ளை என்று கூப்பிட்டாள்.

பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு சீதாராமன் கூடத்திலிருந்து வந்தான். அவளைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் தெரிந்துகொண்டதை அவளும் பார்த்தாள். நெற்றி வியர்த்தது. அவனுக்குப் பின்னால் மாமனார், இலை முன்னால் உட்காரத் தயாராக இருந்த பெண்கள், எல்லாருடைய கண்ணும் அவன்மேல் இருந்தது. ஒரு வார்த்தை போதும். இவள் என் பெண்டாட்டி, சாகவில்லை. அவ்வளவுதான்.

சீதாராமன் இரண்டு கையையும் குவித்தான். தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

உயிரோடு இருக்கும் பெண்டாட்டியை எவனும் விழுந்து கும்பிடுவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். ஒருவர் பின் ஒருவராகக் கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் விழுந்தார்கள்.

"கூப்பிட்டோம், வந்திருக்கா," என்றான் எழுந்ததும். அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "குறை வைக்காம அனுப்பிடுங்கோ."

"பாவி," என்றாள் ஸ்யாமளா. "நான் சாகலை. தொட்டுப் பாருங்கோ யாராவது. சாகலை நான்."

யாரும் தொடவில்லை. மாமியின் கண்ணில் தண்ணீர் வந்தது. உண்மையான இரக்கம்.

"அப்படித்தான் சொல்லுவா," என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். "பாவம், போனது அவாளுக்கே தெரியாது."

தூண் மறைவில் ஒரு பெண் நின்றிருந்தாள். பதினேழு வயசு இருக்கும். வயிறு முன்தள்ளியிருந்தது. பிச்சுமணி அய்யரின் பெண், விஜயம். அவள் வந்து, நாலடி தள்ளி நின்று கும்பிட்டாள்.

"அக்கா, தினமும் உங்க படத்துக்கு விளக்கேத்தறேன். என் குழந்தையை ஒண்ணும் பண்ணிடாதேங்கோ."

ஸ்யாமளா அந்த முகத்தைப் பார்த்தாள். இவளையும் ஏமாற்றியிருக்கிறான். ஆனால் இவளை உயிரோடு ஏமாற்றியிருக்கிறான்.

கையிலிருந்த படத்தை யாரோ பணிவாக வாங்கிக்கொண்டு போனார்கள். சுவரில் மாட்டினார்கள். மாலை ஏறியது. சாம்பிராணிப் புகை கூடத்தை நிறைத்தது. இரண்டு பக்கமும் இலைகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெண். நடுவில் கிழக்குப் பார்த்த ஒரு மணை, அதன்மேல் மடித்த புதுப்புடவை, அதன் முன்னால் ஓர் இலை. பரிமாறி முடித்திருந்தார்கள். சோறு குவியலாக, உச்சியில் நெய் ஊற்றி, ஆவி பறக்க இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. செத்தவளுக்குப் போட்ட இலையில் சோறு குறையாது. போட்டது போட்டபடி இருக்கும். கடைசியில் எடுத்துப் பசுவுக்கு வைப்பார்கள். அதுவும் எல்லாருக்கும் தெரியும். பேசினால் நம்பமாட்டார்கள். விழுந்து கும்பிடுவார்கள். சரி. இலையைக் காலி செய்து காட்டினால்? வழித்து, துடைத்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, வெற்று இலையைக் காட்டினால்? அதற்கு அவன் என்ன சொல்லுவான்?

புடவையை எடுத்து ஓரமாக வைத்தாள். மணையில் உட்கார்ந்தாள்.

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சீதாராமன் மட்டும் ஓர் அடி முன்னால் வந்தான். அவன் கண் இலையில் இருந்தது. அவனுக்கும் புரிந்துவிட்டது. முகம் செத்துப்போயிருந்தது.

"பாத்துண்டே இருங்கோ," என்றாள் அவனைப் பார்த்து. "நன்னாப் பாருங்கோ."

பிசைந்தாள். முதல் கவளம். சூடு நாக்கைச் சுட்டது. உப்பு தெரிந்தது. நெய் தெரிந்தது. தொண்டையில் இறங்கியது தெரிந்தது. உயிர் வந்தாற்போல் இருந்தது. எவ்வளவு பசி. இரண்டாவது கவளம். மூன்றாவது. பக்கத்து இலைகளிலும் சாப்பிட ஆரம்பித்தார்கள். வளையல் சத்தம். குழம்பு ஊற்றும் சத்தம். அவள் குனிந்தபடியே தின்றாள். பெரிய பெரிய கவளம். மென்றும் மெல்லாமலும். பத்து. பதினைந்து. போதும், பாதி போயிருக்கும்.

இலையைப் பார்த்தாள்.

கை போட்ட இடத்தில் பள்ளம் இல்லை. பிசைந்த தடம் இல்லை. உச்சியில் நெய் அப்படியே நின்றது.

கையைப் பார்த்தாள். விரல்களில் பருக்கை ஒட்டியிருந்தது. வாயில் ருசி இருந்தது. மறுபடி எடுத்தாள். எடுத்தது கையில் கனத்தது. வாய்க்குப் போயிற்று. உள்ளே போயிற்று. குவியல் அசையவில்லை.

இன்னும் வேகமாக. இரண்டு கையாலும். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் இலையைப் பார்த்தார்கள். எதிர் வரிசைப் பெண்ணின் இலையில் பாயசம் வந்துவிட்டது. பக்கத்தில் ஒருத்தி மோர் சாதத்தை வழித்துக்கொண்டிருந்தாள். சீதாராமன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். நெடுநேரம் பார்த்தான். அப்புறம் மூச்சை விட்டான். அவன் தோள் இறங்கியது. முகத்துக்கு ரத்தம் திரும்பியது. திரும்பி விஜயத்தைப் பார்த்து, பயப்படாதே என்பதுபோல் தலையசைத்தான்.

"திருப்தியாச்சு," என்றாள் மாமி. "மனசு குளிர்ந்துடுத்து அவளுக்கு."

மற்றவர்கள் எழுந்து கை கழுவினார்கள். தாம்பூலம் வாங்கிக்கொண்டார்கள். வாசல்வரை பேச்சுக் குரல் போய்த் தேய்ந்தது. இலைகளை மடித்து எடுத்தார்கள். சாணி கரைத்து மெழுகிக்கொண்டு வந்த ஒரு கை, நடு இலை அருகில் வந்ததும் அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று. வாசற்கதவைச் சாத்தினார்கள்.

ஸ்யாமளா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோறு சூடாகவே இருந்தது.